ஏழு தட்டும் அப்பாவும்

ஆவடி குவார்ட்டர்ஸ்
14.9.1997, ஞாயிறு

அன்புள்ள மனோகரனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம், அப்பாவின் வயிறும் இதுவரை சௌக்கியம். அந்த மஸ்கட் வெயிலில் நீயும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹோட்டலில் என்ன நடந்தது என்று போனில் சரியாகச் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம். பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு என் வாயையே பார்க்கும்போது நான் எந்தக் கதையைச் சொல்ல? நிதானமாகப் படி, பாதியில் பதறிப்போய் சுகந்திக்குப் போன் போடாதே.

முதலில் உன்னைத்தான் நாலு வார்த்தை கேட்க வேண்டும். எங்கப்பா எதைப் போட்டாலும் ஆசையாகச் சாப்பிடுவார் என்று சுகந்தி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாயே, அது யாருடைய அப்பா? நம் வீட்டில் இருப்பவருக்கு வெள்ளைச் சோறு, வடிகட்டின ரசம், தயிர், உருளைக்கிழங்கு வறுவல், அதோடு முடிந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து தயிர் சோறு பிசைகிற மனுஷன். ஃபேக்டரி கேண்டீனில் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. பெண் வீட்டாருக்கு நம்மைப் பிடிக்க வேண்டும் என்றுதான் நீ அப்படிச் சொன்னாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சுகந்தியின் அப்பா கஜபதி சார் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்து எவ்வளவு முன்னுக்கு வந்திருந்தாலும் முறை விஷயத்தில் பழைய ஆள்தான். பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் நாம் கை நனைக்க மாட்டோம், சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும் இல்லையா, அதனால் பொதுவான இடத்தில் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று போன சனிக்கிழமை கார் அனுப்பி சிட்டியில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப்போனார். அங்கே வெளிநாட்டுச் சமையல்காரர் ஒருவர் வந்திருக்கிறாராம். இது வேண்டும் அது வேண்டும் என்று நாம் கேட்கக் கூடாதாம், அவர் மனசுக்குத் தோன்றியதை ஒவ்வொன்றாக ஏழு தட்டு அனுப்புவாராம். எல்லாம் சைவமாகவே சொல்லி வைத்திருந்தார், பாவம். தட்டு என்னவோ முறம் அகலம், நடுவில் இருப்பது எலுமிச்சம்பழ அளவு. முதலில் பச்சையாக ஒரு சூப், அதுவும் ஜில்லென்று. அப்புறம் பிஸ்கட் மேல் காளான். அப்புறம் பீட்ரூட்டும் பாலாடைக்கட்டியும், சிவப்பு வெள்ளையில் ஊறி ஓடிக்கொண்டிருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், மேஜையில் எல்லோரும் முடித்தால்தான் அடுத்த தட்டு வரும். அப்பாவின் தட்டு நிறைந்தபடியே இருக்க, பரிமாறுகிறவர் பின்னால் கைகட்டி நிற்க, நாங்கள் எல்லோரும் அப்பாவின் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஏசியிலும் அவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது. சுகந்தியின் அம்மா புஷ்பா, அண்ணா உங்களுக்குப் புடிக்கலையா என்று மெதுவாகக் கேட்டாள். புடிச்சிருக்கும்மா, ரொம்பப் புடிச்சிருக்கு என்று இவர் சொல்கிறார், தட்டில் ஒரு துளி குறையவில்லை. அவருக்கு வயிறு சரியில்லை என்று நான் சமாளித்தேன், சொல்லி வாய் மூடவில்லை, கூடையில் இருந்த பன்னை எடுத்து வெண்ணெய் தடவி இரண்டு தின்றார் உன் அப்பா!

ஒவ்வொரு தடவையும் காத்திருந்து பார்த்துவிட்டு அவர் தட்டை அப்படியே எடுத்துப்போனார்கள். கடைசியில் ஐந்தாவது தட்டில் தைரியம் வந்து கத்திரிக்காயில் என்னவோ செய்திருந்ததை ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டார். போட்டாரே தவிர உள்ளே இறங்கவில்லை, கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கஜபதி சார், ஐப்பசியில நிச்சயம் வெச்சிக்கலாமா சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கேட்டார். இவர் வாயைத் திறந்தால்தானே? பேந்தப் பேந்த விழித்துவிட்டு எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விட்டார். பிள்ளையின் அப்பா சொல்ல வேண்டிய வார்த்தைக்கு நான் எப்படி முந்திக்கொள்வது? திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கஜபதி சார் மறுபடி கேட்கவே இல்லை.

டிரைவர் இருந்ததால் காரில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பிடிபிடியென்று பிடிக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அவரே, எறங்கலடி கஸ்தூரி, தொண்டையிலயே நிக்குது, நான் இன்னா வேணும்னேவா பண்றேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. எல்லோரும் இதைத் திமிர் என்கிறார்கள், நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அது அவஸ்தை மனோ, அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை சுகந்தி தனியாக ரயிலேறி இங்கே வந்துவிட்டாள். ஒரே அழுகை. அங்கிள் ஒண்ணுமே தொடல, வாய விட்டுச் சொல்லாம நாசூக்கா வேணாம்னுட்டாரு, நாம வேற எடம் பாக்கலாம்னு அப்பா சொல்றாரு ஆன்ட்டி என்றாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அழுதுகொண்டே சிரித்தாள், அப்பாவிடம் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தாள். உள்ளே இருந்து இவர் வந்து, வேணாம்மா, சொன்னா சாக்கு சொல்றான்னுதான் நெனப்பாங்க, நீ ஊட்டுக்குப் போ, நான் பாத்துக்கிறேன் என்றார். என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்கும் சொல்லவில்லை.

இன்றைக்கு மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புடி என்றார். அம்பத்தூர் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சாப்பிட உட்காரும் நேரம். கஜபதி சார் வாங்க என்றார், முகத்தில் சிரிப்பில்லை. இவர் சோபாவில் உட்காரவில்லை, நேராக புஷ்பாவைப் பார்த்து, எனக்கு ஒரு எல போடும்மா, பசிக்குது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷன் இன்னொருவர் வீட்டில் வாய் திறந்து சோறு கேட்டு நான் பார்த்ததே இல்லை. புஷ்பா கையைப் பிசைந்துகொண்டு, அண்ணா இன்னிக்கு வெண்டக்கா மோர்க்கொழம்பும் புடலங்கா கூட்டும்தான், ஒரு பத்து நிமிஷம் இருங்க, எதனா செய்றேன் என்றாள். அதையே போடும்மா என்றார்.

சாப்பிட்டார் மனோ. வெண்டைக்காயைப் பிசைந்து, ஒவ்வொரு கவளமாக, தண்ணீர்கூடக் குடிக்காமல். கழுத்து நரம்பு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சமையலறைக் கதவோரம் நின்ற சுகந்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தும்மா என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கை நனைச்சிட்டேன் சம்மந்தி, தேதிய நீங்களே சொல்லுங்க என்றார். கஜபதி சார் அந்த ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமென்ன, நன்றாகவே அழுதேன்.

ஐப்பசி கடைசி வாரம் என்று பேசியிருக்கிறோம், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. சுகந்திக்கு ஒரு நல்ல கடிதம் போடு, இந்த வாரம் அந்தப் பெண் ரொம்பத் தவித்துவிட்டது. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை. அப்பாவிடம் இதையெல்லாம் கேட்டு நன்றி கின்றி என்று ஆரம்பிக்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும்.

இன்னொன்று. அண்ணாவுக்கு மோர்க்குழம்பு என்றால் உயிர் போலிருக்கிறது என்று புஷ்பா ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பிவிட்டாள். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் சாப்பிட்டுத் தீர்த்துவிடுகிறேன், உங்களுக்கு ரசம் வைக்கிறேன் என்றேன். வேணாம்டி, நாளைக்கு சம்மந்தியம்மா எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க, சாப்பிடாம எப்படிச் சொல்றது என்று சொல்லிவிட்டு, இதோ தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பரிமாற வேண்டும்.

நீயும் அவளும் நீண்ட நாள் நன்றாக வாழ எங்கள் இருவர் ஆசியும் உண்டு.

உன் அம்மா,
ப. கஸ்தூரி