ஷம்சாத்துக்கு வாங்கிய மனை

கீழ்க்கரைப்பேட்டை,
மன்னார்குடி வழி.
18-3-1974

அன்பும் கண்ணியமும் உள்ள ஷம்சாத் அத்தா அவர்களுக்கு,

உங்கள் மனைவி கமருன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பினாங்கில் உங்கள் உடம்பும் கடையும் நல்லபடி இருக்க எப்போதும் துஆ செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் நலத்தைப் பற்றி எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. குழந்தை நலம். அதை மட்டும் எழுதுகிறேன்.

இதுவரை என் பெயரில் உங்களுக்கு வந்ததெல்லாம் நம் ஷம்சாத் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். நான் சொல்லாததையும் நடுவில் சேர்த்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வாள். இது என் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். வேறு ஆளை வைத்து எழுத மனம் ஒப்பவில்லை.

உங்கள் கடிதம் வந்தது. "வழியை மறித்து என் மகளைச் சாகடித்தவனைச் சும்மா விடாதே, தம்பி காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடு" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி மீரா உசேன் அதற்கு முன்பே போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். காலனியில் கூலிச் சங்கம் நடத்துகிற வைரக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவன் வெளியே வருவது கஷ்டம் என்கிறார்கள்.

நான் போடவில்லை. கோபப்படாமல் முழுவதும் படியுங்கள். நீங்கள் அங்கே இருந்தீர்கள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன்.

சம்பா அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டுச் சங்கத்துக்காரர்கள் வயலில் இறங்கவில்லை. நிலக்காரர்கள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்தார்கள். உங்கள் தம்பியும் அப்படித்தான் அறுத்தார். அந்த நெல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று இவர்கள் மெயின் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் வந்துவிட்டது, கூலி நிர்ணயம் ஆகிவிட்டது என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. வயலில் யாருக்கும் அது வந்து சேரவில்லை.

அன்று காலையில்தான் ஷம்சாத்துக்கு வலி எடுத்தது. நர்ஸ் செவ்வந்தி வந்தாள். சின்னப் பெண், சுற்றியுள்ள ஊருக்கெல்லாம் அவள் ஒருத்திதான். நல்லபடியாகப் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. ஷம்சாத் குழந்தையைப் பார்த்தாள், "அத்தா மூக்கும்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் இரத்தம் நிற்கவில்லை. செவ்வந்தி தன் பையிலிருந்த ஊசியைப் போட்டாள். இன்னொன்று போட அவளிடம் இல்லை. "இங்க வச்சுப் பாக்க முடியாதும்மா, உடனே கெளம்புங்க" என்றாள்.

கூண்டு வண்டியில் கிடத்திக்கொண்டு போனோம். மருமகன் இப்ராஹிம் வண்டிக்கு முன்னால் ஓடினார். மரம் கிடந்த இடத்தில் வண்டி நின்றது உண்மை. நின்றது எவ்வளவு நேரம் என்றால், வைரக்கண்ணு எட்டிப் பார்த்த நேரம். அடுத்த நிமிஷம் ஆட்கள் அவளைப் பாயோடு தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். களத்து வழியாகச் சுற்றி ரோட்டில் ஏறிய நெல் மூட்டை லாரி ஒன்றை அங்கே அவர்கள் மறித்து வைத்திருந்தார்கள். வைரக்கண்ணு, "லாரிய விட்டுடுங்க. நெல்லு போனா போவட்டும், புள்ளைய ஏத்துங்க" என்று சொன்னான். ஒருவன், இந்த நெல் போனால் நம்ம போராட்டமே போச்சே அண்ணே என்றான். வைரக்கண்ணு மூட்டை மேல் ஏறி நின்று அவளைக் கை நீட்டி வாங்கினான். அந்த லாரியில் இருந்தது உங்கள் தம்பி வயல் நெல். இதை அவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார்.

வழியில் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியில் முதலில் இறக்கினோம். டாக்டர் ஜெக்கரியா அங்கே இல்லை. குத்தாலத்துப் பிள்ளை, சின்ன வயது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் டாக்டர் இல்லாததால் அதையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அன்று அங்கே முறை. ஜீப் இருந்தது. டயர் இல்லாமல் செங்கல் மேல் நிற்கிறது. கம்பவுண்டர் குளுக்கோஸ் பாட்டில் தேடி எல்லா அலமாரியையும் திறந்தார். தை மாசம் காலனியில் வாந்திபேதி வந்தபோது இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டதாம், பிறகு வரவில்லையாம். அலமாரிகள் வெறுமையாகக் கிடந்தன. மறுபடியும் லாரியில் ஏற்றினோம். மன்னார்குடித் தெப்பக்குளம் கண்ணில் பட்டது. அப்போது அவள் கை என் கைக்குள் இருந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

இதில் யார் பெயரை நான் போலீஸில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நாங்கள் அவளை மையத்தாக எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. புட்டிப்பால் கக்கிவிட்டது. வைரக்கண்ணு பெண்சாதி பொன்னுத்தாய் கைக்குழந்தைக்காரி. கொல்லைப் பக்கமாக வந்து நின்று, "அழுவுதும்மா, எங்கிட்ட குடுங்க" என்றாள். கொடுத்தேன். மறுநாள் அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கும் வந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். இன்றைக்கும் வந்துவிட்டுத்தான் போனாள். பால் கொடுத்தவளும் தாய் என்பது நம் மார்க்கம். உங்கள் பேத்திக்கு இப்போது அவள் தாய். அவள் புருஷன் மேல் பொய் சொல்லி நான் எப்படித் தொழுகையில் நிற்பேன்?

அதனால் இப்ராஹிமைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். வழி மறித்த கேஸ் அவன் மேல் இருக்கிறது. சாவுக்கான கேஸை எடுத்துவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். கொழுந்தனார் அன்றோடு நம் வாசலை மிதிப்பதில்லை. பெற்ற மகள் சாவை இந்தப் பொம்பளை காலனிக்காரனுக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று கடைத்தெருவில் பேசினாராம்.

டாக்டர் ஜெக்கரியா வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. டயருக்கும் மருந்துக்கும் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனது என்றார். நான் திட்டலாம் என்றுதான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யத்தான் முடியும் என்றார். நம்மூருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் எப்போதோ சாங்ஷன் ஆகியிருக்கிறதாம். நர்ஸ் இங்கேயே தங்கலாம், ஊசியும் பாட்டிலும் இங்கேயே இருக்கும். கட்டடத்துக்குப் பணம் உண்டு, நிலத்துக்குக் கிடையாது. நிலம் ஊர்தான் தர வேண்டும். பெரிய தெருவில் கட்டினால் காலனிப் பெண்கள் உள்ளே வர முடியாது என்று சங்கம் ஒப்பவில்லை. காலனியில் கட்டினால் எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே போக மாட்டார்கள் என்று நிலக்காரர்கள் ஒப்பவில்லை. இந்த இழுபறியில் அது காகிதத்திலேயே கிடக்கிறது.

நம் தெருவும் காலனியும் சேருகிற இடத்தில், வாய்க்கால் கரையில், ஷம்சாத்துக்கு வீடு கட்ட நீங்கள் வாங்கிப் போட்ட மனை இருக்கிறது. அங்கே வர யாருக்கும் தடையில்லை. அதைக் கொடுத்துவிடுங்கள். என் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்புங்கள், நான் இங்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நான் உங்களிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும். எனக்கும் அதில் கொஞ்சம் கேளுங்கள்.

இப்படிக்கு,
கமருன்னிஸா

கீழ்க்கரைப்பேட்டை,
2-6-1974

அன்புள்ள ஷம்சாத் அத்தா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பவர் பத்திரம் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. உறையைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன். உங்கள் எழுத்தில் ஒரு வரி இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது. அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் நேராக இல்லாமல் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

மனையை எழுதிக் கொடுத்தாயிற்று. சர்வேயர் வந்து அளந்த அன்று உங்கள் தம்பி வந்து ஒரு ஓரமாக நின்றார். தடுப்பார் என்று நினைத்தேன். அளந்து முடிக்கும் வரை நின்றுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவர் களத்திலிருந்து கருங்கல் ஜல்லி வண்டியில் வந்து இறங்கியது. அனுப்பியது யார் என்று வண்டிக்காரன் சொல்லவில்லை.

வைரக்கண்ணு ஜாமீனில் வந்துவிட்டான். இளைத்துப்போயிருக்கிறான். கூலி பழைய கூலிதான், அந்த லாரியோடு அவர்கள் போராட்டம் போய்விட்டது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் கடைக்கால் எடுத்துவிட வேண்டும் என்று காலனி ஆட்களோடு அவனும் வெட்டுகிறான். கிணற்றடியில் நின்று குழந்தையைக் காட்டச் சொன்னான். காட்டினேன். தலைத் துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தான்.

கட்டடம் எழும்பக் காத்திருக்காமல் டாக்டர் நம் வண்டிக் கொட்டகையில் வியாழக்கிழமைதோறும் கர்ப்பிணிப் பெண்களைப் பார்க்கிறார். ஊசி மருந்து நம் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது, சாவி செவ்வந்தியிடம். பள்ளிவாசல் தெரு வாலிபப் பிள்ளைகளும் காலனி வாலிபப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் மன்னார்குடி போய் இரத்தம் சோதித்து வந்தார்கள். யாருக்கு யார் கொடுக்கலாம் என்று இப்போது தெரியும். ஜீப் மட்டும் இன்னும் செங்கல் மேல்தான் நிற்கிறது. போன வாரம் நம்மூர் தர்மாம்பாள் மருமகளுக்குப் பிரசவத்தில் ஷம்சாத்தைப் போலவே இரத்தம் நிற்காமல் போனது. இரண்டாவது ஊசி கையில் இருந்தது. பிழைத்துக்கொண்டாள். எல்லோரும் என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு ஊசிதான். ஒரே ஒரு ஊசிதான், ஷம்சாத் அத்தா.

ஏழாம் நாளே வைக்க வேண்டிய பெயரைக் குழந்தைக்கு இன்னும் வைக்கவில்லை. ஷம்சாத் என்றே வைக்கலாம் என்கிறார் மருமகன். அன்றைக்கு யாரும் இல்லாதபோது தொட்டிலைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

என்னால் தனியாக முடியவில்லை. எழுத வேண்டாம், அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்குங்கள். நீங்கள் முதலில் குழந்தையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் பின்னால் நானும் கூப்பிட்டுவிடுவேன்.

கடலும் காற்றும் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்க அல்லாஹ் துணை இருப்பானாக.

உங்கள்
கமருன்னிஸா