கவிழ்த்துப் பார்க்காத படகு

இன்று காலை, பல்லேகலயில் எங்கள் படகுத் தொழிற்சாலையின் நிர்வாகக் குழு வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு முடிவை எடுத்தது. கூட்ட அறையின் திரைச்சீலை இனி நீல நிறமாக இருக்கும். கடலும் நீலம் என்பதே காரணம். விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது, குறிப்பெழுதியவன் நான். பழைய சீலையைக் கழற்றியபோது பட்டறையிலிருந்து, படகுக்குப் பூசுகிற ரெசின் பசையின் வாசனை உள்ளே வந்தது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை, மச்சான்.

மஹய்யாவயில் பிறந்து, இருபது வயதில்தான் கடலைப் பார்த்தவன் நீ. பைலட் படகு என்றால் என்னவென்று எனக்குச் சொன்னவனும் நீதான். துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட்டை அது நடுக்கடலில் கொண்டுபோய் ஏற்றிவிடும். ஓடுகிற கப்பலை ஒட்டியே ஓட வேண்டும். படகிலிருந்து அவர் கப்பலின் கயிற்றேணியைப் பிடிக்க வேண்டும். "காத்தடிக்குது, நாளைக்கு வாங்கன்னு கப்பலுக்குச் சொல்ல ஏலாதுடா," என்பாய். ஆகவே படகு கவிழ்ந்தாலும் தானாக நிமிர வேண்டும். அதற்கு எடை கீழே இருக்க வேண்டும்.

விருந்தினர்களுக்கு வியர்க்கக் கூடாதென்று நம்மவர்கள் நீ செய்த பைலட் படகின் கூரையில் பெரிய ஏசி ஒன்றை ஏற்றினார்கள். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம். முகாமையாளர் கையில் தேத்தண்ணிக் கோப்பை; ஒரு சொட்டும் சிந்தவில்லை. "பாத்தீங்களா?" என்றார்.

"தேத்தண்ணி சிந்தாத எடத்துல ஓட்ட படகு எதுக்கு சார்? உக்கார ஒரு கதிரை போதுமே," என்றாய். கிரேனில் கட்டி ஒரு தடவை கவிழ்த்துப் பார்க்கச் சொன்னாய்.

அவர் முகம் கறுத்தது. "பால் பொங்க வச்சு, தேங்கா ஒடச்ச படகு. அதத் தலகீழாப் போடுறதா? வாயக் கழுவுங்க."

"நாம கவுக்கலன்னா கடல் கவுக்கும் சார். அதுக்கு நல்ல நேரம் பாக்கத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அபசகுனம் என்று குறிப்பில் எழுதுவது நாகரிகமாக இராது. 'சோதனை தேவையற்றது எனத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

"நான் செஞ்ச படகு, நானே போறேன்," என்று கடலில் அதன் முதல் ஓட்டத்தில் ஏறினாய். துறைமுக வாயிலுக்கு வெளியே ஓர் அலை புரட்டியது. படகு நிமிரவில்லை. உன் மரணத்தை விசாரித்தவர்கள் என் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, குற்றம் கடலுடையது என்றார்கள். கடலிடம் விளக்கம் கேட்கப்படவில்லை.

திரைச்சீலைக்குப் பிறகு இன்று புதிய படகைப் பற்றிப் பேசினார்கள். அதே கூரை, அதே ஏசி. கவிழ்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "நேத்துத்தானே பால் பொங்குச்சு?" என்றார் முகாமையாளர். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

எடை எங்கே இருக்க வேண்டும் என்று நீ பென்சிலால் வரைந்து தந்த படம் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. அதன் பிரதியைக் குறிப்பேட்டில் ஒட்டி, கீழே எழுதினேன்: 'அபசகுனம் என்பதால் சோதிக்கப்படவில்லை.'

மாலையில் குறிப்பெழுதும் வேலை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. படகு வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகிறது.