இடது சிறகுக்கு மட்டும் பெயின்ற்

எட்மன்ரன்
14 செப்ரெம்பர் 1986

அன்பின் மச்சான் அகஸ்ரினுக்கு,

நீயும் வேரோனிக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். உங்கள் பேஸ்மென்றை விட்டு இங்கே வந்து ஒன்றரை வருடமாகிறது. இன்னும் இந்த ஊர்க் குளிர் பிடிபடவில்லை. நேற்றுக் காலையே கார்க் கண்ணாடியைச் சுரண்டித்தான் வேலைக்குப் போனேன்.

போன கிழமை பஸ்ரியன் தன் மகளைப் பார்க்க வந்திருந்தான். ஸ்காபரோவில் உன் கராஜுக்குள் நாங்கள் இருவரும் கட்டுகிற பிளேனைப் பார்த்தானாம்.

"வெள்ளைச் சிறகு நல்ல வடிவாயிருக்கு" என்றான்.

"வெள்ளையோ? அலுமினியத்தைச் சொல்லுறாய்."

"எனக்குப் பெயின்ற் தெரியாதோ? இடது சிறகு வெள்ளை. மிச்சமெல்லாம் தகரம். அரைவாசி சவரம் செய்த ஆள் மாதிரி நிக்குது."

1982இல் பிளேனின் பாகங்கள் வந்த பெட்டிகளைப் பிரித்த அன்றே நாங்கள் பேசி வைத்தது உனக்கு ஞாபகமிருக்கும். முதலில் பறப்பு, பிறகு பெயின்ற். இருபத்தைந்து மணித்தியாலம் வெறும் உடம்போடு பறக்கட்டும், வெடிப்பு வந்தால் வெறும் தகட்டில் உடனே தெரியும் என்று சொன்னவன் நீ. இப்போது என்ன அவசரம்? அதுவும் ஒரு சிறகுக்கு மட்டும்?

ரெலிபோனில் கேட்கலாம். நீ சிரித்தே சமாளித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கோபமில்லை.

உன்
சச்சி


ஸ்காபரோ
28 செப்ரெம்பர் 1986

அன்பின் சச்சி,

கடிதம் கிடைத்தது. பஸ்ரியனுடைய வாய்க்கு ஒரு கதவு பூட்ட வேண்டும்.

பெரிய விசயமொன்றும் இல்லை. பெயின்ற் அடிக்கும் மெஷின் ஒன்று வேலையிடத்தில் இரவலாகக் கிடைத்தது. பழகிப் பார்ப்போம் என்று அடித்தேன். கையோடு ஒரு சிறகு முடிந்துவிட்டது. கராஜுக்குள் ஈரம் கூட, அலுமினியம் மங்கிப் போகிறது. வேரோனிக்காவுக்கும் வெள்ளை பிடிக்கும்.

நத்தாருக்கு வா. நீ வந்தால்தான் இறைச்சிக்கறிக்கு ஒழுங்காக உறைப்புப் போட அவவுக்கு மனம் வருகிறது. எனக்கென்றால் தண்ணியாய்த்தான் வைக்கிறா.

அகஸ்ரின்


எட்மன்ரன்
9 ஒக்ரோபர் 1986

அன்பின் அகஸ்ரின்,

பழகிப் பார்க்கிறவன் பழைய கதவில் பழகுவான். நாலு வருடம் கட்டின சிறகில் பழகமாட்டான். உனக்கு அது தெரியும். பெயின்ற் பாரம் என்பதும், ஒரு பக்கத்துக்கு மட்டும் அடித்தால் நிறை சமப்படாது என்பதும் தெரியும்.

என்னை மன்னித்துக்கொள். ஆனால் உனக்குப் பறக்கும் லைசன்ஸ் இல்லை. வருகிற வைகாசியில் முதன்முதல் தனியே ஏறி அதைத் தூக்கப் போகிறவன் நான். எனக்குக் கீழே இருக்கும் சிறகைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

இரண்டு காரியம் செய். நான் வெளிக்கிட்ட நாளிலிருந்து வேலைப் பதிவுப் புத்தகத்தில் உள்ள எல்லாப் பக்கங்களையும் போட்டோக் கொப்பி எடுத்து அனுப்பு. இடது சிறகின் கீழ்ப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

சச்சிதானந்தன்


ஸ்காபரோ
24 ஒக்ரோபர் 1986

சச்சி,

கேட்டபடி அனுப்பியிருக்கிறேன். பிளேன் வேலையைச் சோதிக்க வருகிற இன்ஸ்பெக்ரர்கூட இப்படிக் கேட்டதில்லை. அந்த மனுசன் வந்தால் தேத்தண்ணியாவது குடித்துவிட்டுத்தான் கேட்பார்.

சிறகில் ஒரு குறையும் இல்லை. என் சொல் உனக்குப் போதாதோ?

அகஸ்ரின்


எட்மன்ரன்
6 நவம்பர் 1986

திரு. அகஸ்ரின் அவர்களுக்கு,

போதாது.

கொப்பியில் 41ஆம் பக்கம் இருக்கிறது. அடுத்தது 43. மே 30க்குப் பிறகு ஜூன் 29. அந்த ஒரு மாதம் நீ கராஜுக்குள் காலே வைக்கவில்லையா? கோடைகாலத்தில்?

கீழ்ப்பக்கம் கேட்டேன். மேல்பக்கப் படம் வந்திருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த நல்ல படம். கீழே படுத்து எடுக்க உனக்கு ஏலாமல் போயிருக்காது.

நான் ஒரு கிழமையாக யோசித்துப் பார்த்தேன். சிறகை எங்கோ விழுத்தியிருக்கிறாய், அல்லது காரால் இடித்திருக்கிறாய். நெளிவைத் தட்டி நிமிர்த்திவிட்டு வெள்ளையடித்து மூடியிருக்கிறாய். வேறு ஒரு காரணம் இருந்தால் இரண்டு மாதத்தில் ஒரு தரமாவது சொல்லியிருப்பாய். பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். அதன்மேல் என்னை ஏற்ற நினைத்ததை விடமுடியாது.

உரிமைப் பத்திரத்திலிருந்து என் பெயரை எடுப்பதற்கான படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்து வைத்து அனுப்பவும். பிளேனை நீயே வைத்துக்கொள்.

ச. சச்சிதானந்தன்


ஸ்காபரோ
22 நவம்பர் 1986

சச்சி,

42ஆம் பக்கம் உள்ளே இருக்கிறது. கொப்பி அல்ல, புத்தகத்திலிருந்து கழற்றின பக்கமேதான்.

சிறகை நான் விழுத்தவில்லை. ஜூன் முதலாம் திகதி கராஜைக் கழுவுவதற்காக அதை வெளியே வெயிலில் வைத்தேன். கீழ்த்தகடு அலை அலையாக நெளிந்து தெரிந்தது. குனிந்து பார்த்தேன். தகட்டைப் பிணைக்கிற றிவெற் ஆணிகளின் தலைகளைச் சுற்றிப் பிறை பிறையாக வடு. சில தலைகள் சரிந்து நின்றன. இரண்டு துளைகள் இழுபட்டு நீண்டிருந்தன. வெளியிலிருந்து பார்க்க மெல்லிய குறைதான். ஆனால் ஆகாயத்தில் அந்தத் தகடு கிழிய அது போதும்.

அது நாங்கள் 1983 ஜூலை 27 தொடங்கி ஓகஸ்ட் 3 வரை மூடின தகடு. இன்ஸ்பெக்ரர் உள்ளே பார்த்துக் கையெழுத்து வைத்தது அதற்கு முதல் கிழமை. மூடின பிறகு ஒருவரும் அதைக் கிட்டப் பார்க்கவில்லை.

றிவெற் மெஷின் உன் கையில் இருந்தது. றிவெற்றின் மறுமுனை நசுங்க உள்ளே இரும்புக் கட்டியைப் பிடித்தவன் நான். அந்த ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் உன் தம்பி நவரட்ணத்தின் கடை எரிந்தது மட்டும் தெரியும். ஆளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. உன் கை நடுங்குவது கட்டி வழியாக என் கைக்கு வந்தது. நிப்பாட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மெஷின் சத்தம் நின்றால் நீ குசினிக்குப் போய் ரெலிபோனைத் தூக்கி, அது வேலை செய்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பாய். அதை எனக்குப் பார்க்க ஏலவில்லை. "அடுத்ததை அடி, அடுத்ததை அடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தம்பி இல்லை என்ற செய்தி வந்தபோது கடைசி வரிசையில் நின்றோம். அதையும் நீ அடித்து முடித்துவிட்டுத்தான் இருந்தாய்.

இந்த ஜூனில் 164 றிவெற்றையும் துளைத்து எடுத்தேன். புதுத் தகடு போட்டேன். வேரோனிக்கா கட்டி பிடித்தா. மூடுவதற்கு முன் இன்ஸ்பெக்ரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிறகு சரி.

ஆனால் பழைய தகடுகளுக்கு நடுவில் புதுத் தகடு கண்ணாடி போல் பளபளத்தது. நீ வந்து ஒரு தரம் பார்த்தால் எந்தத் தகடு, எந்தக் கிழமை என்று உனக்கு விளங்கிவிடும். உன்னை அந்தக் கிழமைக்குத் திரும்பக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. அதற்குத்தான் வெள்ளை.

படிவத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கத்தான் வேண்டும் என்றால் இன்னொரு தரம் எழுது.

அகஸ்ரின்


எட்மன்ரன்
13 டிசெம்பர் 1986

அன்பின் மச்சான் அகஸ்ரினுக்கு,

உன் கடிதம் இரண்டு கிழமை மேசையில் கிடந்தது. மறுமொழி எழுத உட்கார்ந்து எழும்பினது எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

42ஆம் பக்கத்தில் தகட்டின் அளவு, றிவெற்றின் எண்ணிக்கை, இன்ஸ்பெக்ரரின் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. 'காரணம்' என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறாய். நான் நிரப்பியிருக்கிறேன். 'பிழையாக அடித்தது. அடித்தவர் ச. சச்சிதானந்தன்.' கட்டி பிடித்தவர் பெயர் நான் எழுதவில்லை. அது உன் கையெழுத்தில் வரட்டும். பக்கத்தை அதன் இடத்தில் ஒட்டிவிடு.

இன்னொன்று இருக்கிறது. 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை. நீ வேலைக்குப் போயிருந்தாய். நான் சுகமில்லை என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குள் இருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கையில் மெஷினும் மறு கையில் கட்டியுமாகத் தனியே நின்று வால்ப்பகுதியின் வலதுபக்க விளிம்பில் ஒரு வரிசை அடித்தேன். இருபத்திரண்டு றிவெற். புத்தகத்தில் எழுதவில்லை. நீ அன்று பின்னேரம் வந்து பார்த்து ஒன்றும் கேட்கவும் இல்லை. உன்னிடம் ஒரு பக்கம் எங்கே என்று கேட்டவன் நான்.

அதில் நீ கை வைக்காதே. துளைத்து எடுக்க வேண்டியவன் நான். வைகாசி நீண்ட விடுமுறைக்கு வருகிறேன். பெயின்ற் உரிக்கிற மருந்து ஒரு கலன் வாங்கி வை. இடது சிறகை நாங்கள் இருவரும் உரிப்போம். அந்தத் தகடு பளபளக்கட்டும். பார்க்கிறவர்கள் கேட்டால் சொல்லுவோம்.

பஸ்ரியனுக்கு ஒன்றும் சொல்லாதே. வேரோனிக்காவிடம் சொல்லு, இருபத்தைந்து மணித்தியாலம் முடிந்து நான் இறங்கின பிறகு நிறத்தை அவவே தெரிவு செய்யட்டும். வெள்ளை என்றால் வெள்ளை.

படிவத்தைக் கிழித்துப் போடு.

உன்
சச்சி