ஹவில்தார் கவிழ்த்த சீட்டு

5 ஜனவரி 2025, ஞாயிறு

ராஜபாளையம் மன்றத்தில் இன்று ஏழு ஆட்டம் ரம்மி. நாலு எனக்கு. எங்கள் மேஜையில் காசு கிடையாது. தோற்றவர் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ஜெயிப்பது ஜெயிப்பதுதான்.

இந்த வருஷம் டைரியில் வெயிலையும் மழையையும் எழுதப் போவதில்லை. மேஜையில் உட்காருகிற மூன்று பேரையும் எழுதி வைக்கிறேன்.

மருந்துக்கடை பாலகணேஷ்: கை நன்றாக இருந்தால் வாயை மூடிக்கொள்வார். மோசமென்றால் அரசியல் பேசுவார்.

சர்வேயர் முத்துப்பாண்டி: ஜோக்கர் வந்தால் சீட்டை இரண்டு தடவை அடுக்குவான்.

சோணைமுத்து: பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பலவீனம் உண்டு. எதிராளி கை பலம் என்று பட்டால் உடனே ஸ்கூட். ஆடாமலே சீட்டைக் கவிழ்த்து, இருபது பாயிண்டோடு ஒதுங்கிவிடுவார்.

இன்று கடைசி ஆட்டத்தில் எனக்கு ஒரு ரம்மிகூடச் சேரவில்லை. வெறும் குப்பை. "மச்சான், இன்னைக்கு உங்களுக்கு நேரம் சரியில்ல, பாத்து ஆடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கவிழ்த்துவிட்டார். அவரைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் கவிழ்த்தார்கள். குப்பையை வைத்துக்கொண்டு ஜெயித்தேன். பட்டாளத்துக்காரருக்கு இவ்வளவு பயமா?

19 ஜனவரி, ஞாயிறு

என் குறைகளையும் எழுத வேண்டும் அல்லவா. ஒன்று, நல்ல கை வந்தால் கால் ஆட்டுகிறேன். இரண்டு, மூக்குக்கண்ணாடியைத் தொடுகிறேன். இன்று இரண்டையும் நிறுத்தினேன். "ஹவில்தார், சீட்டைப் போடுங்க, பொழுது போகுது" என்று எப்போதும்போலப் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் போட்ட பத்தை எடுத்து முடித்தேன். எவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மில்லில் பஞ்சு கொள்முதலில் இருபத்தெட்டு வருஷம். அங்கே படித்த பாடம் ஒன்றே ஒன்று. நமக்குத் தேவை என்று காட்டினால் விலை ஏறும்.

7 பிப்ரவரி, வெள்ளி

காலையில் இட்லியை வைத்துவிட்டு சுந்தரம்மாள் நகராமல் நின்றாள். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. எங்கள் மகள் ரஞ்சனிக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். யார் என்றால், ஹவில்தார் மகன் கௌதம்ராஜ். ராஜபாளையத்தில் இவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை, அவன் தீயணைப்பு நிலையத்தில். அவன் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில், தனியாக இருக்கிற சித்திக்குத் துணையாகத் தங்கி, இங்கிருந்து வேலைக்குப் போகிறான். ஒரு வருஷமாக ஒரே பஸ்.

ரஞ்சனியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமாப்பா. எனக்குப் பிடிச்சிருக்கு. அவங்க வீட்ல சரின்னுட்டாங்க. நீ முறுக்கிக்கிட்டு நிக்காம ஒழுங்காப் பேசு" என்றாள். அப்பனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அவள் அம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள். எனக்கு அது பிடிக்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அத்தனை சந்தோஷம். நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் இல்லாத பையன். "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

மன்றத்தில் அவரும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. முதலில் வாயைத் திறக்கிறவனுக்குத்தான் தேவை அதிகம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

அவர்தான் முதலில் வந்தார். மனைவி அய்யம்மாளோடு, பூ, பழத்தோடு, வீட்டுக்கே.

சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளைக ஆசைப்பட்டுட்டாக. எங்களுக்கு முழுச் சம்மதம். நகை நட்டுன்னு நாங்க ஒண்ணும் கேக்கல. உங்க பிள்ளைக்கு நீங்க செய்யிறது உங்க இஷ்டம்" என்றார்.

ஒன்றும் கேட்கவில்லை! அரசாங்க வேலையில் இருக்கிற பையன். ஒன்றும் வேண்டாமாம். விலை பேசாமல் ஒருவன் பஞ்சுப் பேலை நம் பக்கம் தள்ளினால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பையனுக்கு ஏதாவது நோயா? முன்னால் எங்கேயாவது பேசி முறிந்ததா? நேரே கேட்டால் சொல்வார்களா? கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன், மச்சான்" என்றேன். "வத்திராயிருப்புல இருந்து ஒரு இடம் வந்திருக்கு. எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு. அவிய ரொம்ப நெருக்குறாக. அதான் யோசனையா இருக்கு."

வத்திராயிருப்பில் எனக்கு ஒரு ஆளையும் தெரியாது. காலும் ஆடவில்லை, கண்ணாடியையும் தொடவில்லை. சுத்தமாக ஆடினேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "நல்ல இடமாத் தெரியுது. விட்டுராதீக" என்று எழுந்துவிட்டார். அய்யம்மாள் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனாள். பூவை எடுத்துப் போவதா வைப்பதா என்று தெரியாமல், வாசல்வரை கொண்டுபோய்த் திரும்ப வந்து வைத்துவிட்டுப் போனாள்.

ரஞ்சனி உள்ளேயிருந்து வந்து, "எந்த வத்திராயிருப்புப்பா? நீ என்ன செஞ்சிட்டிருக்க?" என்றாள்.

"பேசாம இரு. ஒரு வாரத்துல அவரே வருவாரு."

23 பிப்ரவரி, ஞாயிறு

ஹவில்தார் மன்றத்துக்கு வரவில்லை. நல்லது. யோசிக்கிறார்.

2 மார்ச், ஞாயிறு

இன்றும் வரவில்லை. சுந்தரம்மாள், "நீங்களே போயி அப்படி ஒரு இடமே இல்லன்னு சொல்லிட்டு வாங்க. நம்ம பிள்ளைக்காகத்தான" என்கிறாள். இப்போது போனால் கையில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். இன்னும் ஒரு வாரம்.

11 மார்ச், செவ்வாய்

கௌதம்ராஜ் ரஞ்சனியிடம் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொல்லிவிட்டானாம். "எங்க அப்பா வேண்டாம்னுட்டாரு. அவரை மீறி நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்." அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் போய்க் கதவைத் தட்டினேன். "போப்பா" என்றாள்.

இப்போதுதான் உறைக்கிறது. இதே டைரியில் முதல் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எதிராளி கை பலம் என்று பட்டால் துரத்த மாட்டார், கவிழ்த்துவிடுவார். தெரிந்தே அவரிடம் பலம் காட்டியிருக்கிறேன். இவ்வளவு முட்டாளா நான்? ஞாயிறு நேரில் போகிறேன். மானம் போனால் போகட்டும்.

16 மார்ச், ஞாயிறு

ராஜபாளையத்தில், அய்யனார் கோவில் ரோட்டில் அவர் வீடு. மோட்டாரைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். அய்யம்மாள் வெளியே வரவில்லை.

"அந்த வத்திராயிருப்பு இடம்—" என்று ஆரம்பித்தேன்.

"அப்படி ஒண்ணு இல்லன்னு அன்னைக்கே தெரியும்" என்றார்.

எப்படி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கையில ஒண்ணும் இல்லாதப்பத்தான் உங்களுக்கு நான் மச்சான். மத்த நேரமெல்லாம் ஹவில்தார். மூணு வருஷமாப் பாக்கேன்."

அப்படியென்றால் ஆட்டத்தில் ஏன் கவிழ்த்தீர்கள் என்றேன். இந்த நேரத்திலும் அதைத்தான் கேட்கத் தோன்றியது பாருங்கள், என்னை எதால் அடிப்பது.

"நீங்க ஜெயிக்கணும்னு அம்புட்டு ஆசைப்படுறீக. ஒரு டீ, ஒரு வடை. விட்டுக் குடுத்தா என்ன கொறஞ்சுரும்னு இருந்தேன்." கையில் இருந்த கிரீசைத் துணியில் துடைத்தார். "ஆனா எம் பொஞ்சாதி பூவோட வந்து உக்காந்திருக்கா. அவ மூஞ்சிக்கு நேரா, பெத்த பிள்ளைய வச்சு ஆடுனீக பாருங்க. நாளப்பின்ன ஒரு நல்லது கெட்டதுன்னா, நீங்க சொல்றது நெசமா பொய்யான்னு ஒவ்வொரு தடவையும் நான் பாத்துக்கிட்டே இருக்கணுமா? எனக்கு முடியாது. உங்க பிள்ள தங்கம். அவ மேல எந்தக் கொறையும் இல்ல."

எழுந்து அவர் கையைப் பிடித்தேன். வாழ்க்கையில் யாரிடமும் அப்படி நின்றதில்லை. நெசமா, மனசறிஞ்சுதான் சொன்னேன்: "தப்புத்தான், மச்சான். மன்னிச்சிருங்க."

வாயை விட்டு வந்த பொறவுதான் அந்த 'மச்சான்' என் காதுல விழுந்துச்சு. வேற வார்த்தையா கெடைக்கல எனக்கு? அம்புட்டுப் பெரிய தமிழ்ல?

அவர் சிரிக்கக்கூட இல்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "வெயிலுக்கு முன்னாடி பஸ் ஏறிருங்க" என்றார்.

17 மார்ச், திங்கள்

மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். நான் ஜெயித்ததில் எது என்னுடையது?

20 ஏப்ரல், ஞாயிறு

மன்றத்துக்குப் போனேன். ஹவில்தார் வருவதை நிறுத்திவிட்டார். மூன்று பேர்தான். பாலகணேஷ், "ஹவில்தார் இல்லாம டீ வாங்கித்தர ஆளு இல்லாமப் போச்சு" என்று சிரித்தார். எனக்கு வந்த கை நல்ல கை, ஜோக்கரோடு. ஸ்கூட் என்று கவிழ்த்துவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

28 ஜூலை, திங்கள்

ஆடிப்பூரத் தேர். தெருவில் நிற்க இடமில்லை. ரஞ்சனி தேர் பார்க்கப் போகவில்லை, தலைவலியாம்.

சனிக்கிழமை தபாலில் ஒரு பத்திரிகை வந்திருந்தது. கௌதம்ராஜுக்கும் பானுப்பிரியாவுக்கும் ஆவணி பதினைந்தில் கல்யாணம். பக்கத்தில் இருக்கிற ராஜபாளையத்திலிருந்து தபாலில். கவரில் என் பெயரை ஹவில்தார் தெளிவாக, மரியாதையாக எழுதியிருந்தார். பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ரஞ்சனிக்கு எப்படியும் தெரிந்திருக்கும்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி பதினைந்து. நான் போகவில்லை. சுந்தரம்மாள் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிட்டாள்.

போன வாரம் தரகர் வேலுசாமி ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். பையன் எந்த ஊர் என்று கேட்டேன். வத்திராயிருப்பு. தென்னந்தோப்பும் உண்டு, எட்டு ஏக்கர் இல்லை, மூன்று. நாற்பது பவுன் கேட்கிறார்கள். வெளிப்படையாகக் கேட்கிறார்கள், உள்ளே ஈரம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் ரஞ்சனியிடம் போட்டோவைக் காட்டினேன். "உனக்குப் பிடிக்கலன்னா வேண்டாம்மா. என்னைத் திட்டணும்னா திட்டு" என்றேன். திட்டுவாள் என்றுதான் காத்திருந்தேன். ஏங்கிக்கொண்டிருந்தேன் என்றே எழுதலாம், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

போட்டோவைக் கையில்கூட வாங்கவில்லை.

"நீங்க பாத்து எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் என்னை அவள் நீங்க என்று சொன்னதில்லை. அவள் முகத்தையே பார்த்தேன். கோபமா, அழுகையா, ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆடாமலே கவிழ்த்துவிட்டாள். வேலுசாமிக்கு இன்னும் போன் செய்யவில்லை.