பக்கெட்டில் இருக்கும் மணல்

என்னங்க, சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இங்க தனியா இருக்க முடியல.

செடி வைக்கிற மீன் தொட்டிக்கு நீங்க கொண்டு வந்த மணலை அலசி அலசிக் கை ஓய்ஞ்சதுதான் மிச்சம், கலங்கல் போகவே இல்ல. கடையில வாங்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஆத்துல உங்க தம்பி முழுகிப் போன இடத்துலயா போய் அள்ளணும்?

பக்கெட்டுல கைவிட்டு வலப்பக்கமாக் கலக்கினேன். கையை எடுத்ததும் தண்ணி நின்னுச்சு. அப்புறம் தானா இடப்பக்கமாச் சுத்த ஆரம்பிச்சுது. உங்க தம்பி இடக்கையால டீக்குச் சர்க்கரை கலக்குவாரே, அதே நிதானம்.

பி.கு: செருப்பு மாட்டினப்புறம் மனசு கேக்காம எட்டிப் பார்த்தேன். தண்ணி கண்ணாடியாத் தெளிஞ்சிருக்கு. நான் கழுவல.

கொட்டிடாதீங்க. பக்கத்துல உக்காந்து அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க.