எண்பது விழுக்காட்டுக்குக் கீழே

பிப்ரவரி 23, திங்கள்

பருவ இறுதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வருகைப் பதிவை முடித்துப் பூட்டவேண்டும். எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தேர்வு கிடையாது.

இன்று காலை என் புள்ளியியல் வகுப்பில் இருந்தது பத்துப் பன்னிரண்டு தலை. சிஸ்டத்தில் முப்பதுக்கு மேல். நோன்பு மாதம், பிள்ளைகள் தூங்கிவழிகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இல்லாத பிள்ளை எப்படித் தூங்கும்?

ஆரம்பித்து வைத்ததே நான்தான். ஜனவரியில் கோத்தா திங்கியில் வெள்ளம் வந்தபோது, வரமுடியாதவர்கள் பாவம் என்று, வகுப்புத் திரையில் காட்டும் கியூஆர் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வீட்டிலிருந்தே ஸ்கேன் பண்ணட்டுமே என்று. கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஒருவர் வந்தால் போதும், படம் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பிவிடுகிறார். எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது. வகுப்பின் வருகை நன்றாக இருந்தால் எனக்கும் நல்லதுதானே.

எண்பதுக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு பெயர். லோஷினி.

பிப்ரவரி 24, செவ்வாய்

லோஷினியைக் கூப்பிட்டுப் பேசினேன். கோத்தா திங்கி பிள்ளை. அப்பா செம்பனை ஆலையில் லோரி ஓட்டுகிறார். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, புரியாவிட்டால் கையைத் தூக்கிக் கேட்கிற ஒரே ஆள்.

வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீராம். குடும்பத்தோடு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருக்கிறார்கள். "ஃபோன் தண்ணீல போயிருச்சு மிஸ். நீங்க குரூப்ல போட்டதே வேற ஃபோன் வாங்கின பிறகுதான் எனக்குத் தெரியும்."

யாருக்காக அந்தப் படத்தைப் போட்டேனோ, அவளுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

"சரி, அதுக்கப்புறம் பஸ் கிடைக்காம வராத நாள் இருக்கே, அன்னிக்காவது மத்தவங்க மாதிரி..." என்று இழுத்தேன். என்ன கேள்வி கேட்கிறேன் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

"கிளாஸ்ல இல்லாம எப்படி மிஸ் ஸ்கேன் பண்றது?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

இந்தப் பாடம் முடிந்தால் ஏப்ரலில் தெப்ராவில் ஒரு கிடங்கில் தொழிற்பயிற்சி உறுதி. முடியாவிட்டால், படித்தது போதும், சிங்கப்பூரில் சித்தியோடு ஃபேக்டரிக்குப் போ என்று அப்பா சொல்லிவிட்டாராம். "அப்பா ரெண்டு தரம் பேச மாட்டாரு மிஸ்."

பிப்ரவரி 25, புதன்

துறைத்தலைவர் கால்வினிடம் போனேன். தவக்காலம், இறைச்சி சாப்பிடுவதில்லையாம். மீன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

வெள்ளத்தில் மாட்டியதற்கு லோஷினியிடம் கடிதம் இருக்கிறது. ஆனால் ஒரு வாரத்துக்குள் கொடுக்கவில்லை. மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவள் எங்கே போய்க் கொடுப்பாள்? அந்த நாள்களை மட்டும் கையால் திருத்தலாமே என்றேன்.

"ஒருத்திக்குத் திறந்தா, ஓடிட்ல கணக்குப் பார்க்க வர்றவங்க முழுக் கிளாஸையும் கேப்பாங்க யோகேஸ். உங்க கிளாஸ் நம்பர் ரொம்ப அழகா இருக்கு. அழகாவே இருக்கட்டும் லா."

ஆக அவருக்கும் தெரியும்.

பிறகு அவரே வழி சொன்னார். "ரெண்டு மணி நேர ரிப்ளேஸ்மென்ட் கிளாஸ் ஒண்ணு போடுங்க, ரெண்டு வருகையா ஏறும். அவ வந்தா எண்பதைத் தொட்டுடுவா. முடிஞ்சுது."

இவ்வளவு எளிதா! நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மனசு லேசாக இருந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

நாளை காலை எட்டுக்கு மாற்று வகுப்பு என்று குழுவில் போட்டேன். இந்தத் தடவை படம் குழுவுக்கு வராது, வந்தவர்களுடைய ஃபோனும் ஸ்கேன் பண்ணியதும் மேசை மேல். நாலைந்து பேர் அழுகிற முகத்தைப் போட்டார்கள். அழட்டும்.

பிப்ரவரி 27, வெள்ளி

லோஷினி முதல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். கூட இன்னும் மூன்று பேர். என் கண் முன்னால் ஸ்கேன் பண்ணினாள். ஃபோனில் பச்சையாக 'ஹாடிர்', வந்தாயிற்று என்று காட்டியது. "எண்பது ஆயிடுச்சு மிஸ்!" அவள் முகத்தை என்னவென்று எழுதுவது? இரண்டு மணி நேரம் பழைய கேள்விகளைப் போட்டுக் காட்டினேன். எனக்கும் இந்தப் பருவத்தில் அதுதான் நல்ல வகுப்பு.

மத்தியானம் கால்வின் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

ஒரு வகுப்பைச் சேர்த்தால் மொத்தமும் கூடும். வராதவர்களின் விழுக்காடு இறங்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். எண்பதை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்த ஐந்து பேர் கீழே விழுந்துவிட்டார்கள். படுக்கையில் இருந்து ஸ்கேன் பண்ணக்கூடச் சோம்பல்பட்ட ஐந்து பேர்! புள்ளியியல் வாத்தியாருக்கு இது தோன்றவில்லை. வெட்கக்கேடு.

"அந்தக் கிளாஸை கேன்சல் பண்ணிடுங்க" என்றார் கால்வின்.

"அப்ப லோஷினி?"

"அஞ்சு பேரண்ட்ஸ் நாளைக்கு இங்க வந்து உட்காருவாங்க. எப்படி விழுந்தான்னு நோண்டுவாங்க. நோண்டினா உங்க படம், குரூப்பு, எல்லாம் வெளிய வரும். அவளுக்கு யாரு வருவா, சொல்லுங்க?"

நான் வரலாம். அதைச் சொல்லியிருக்கலாம். ஜனவரியில் நான்தான் போட்டேன், அதிலிருந்து பாதி வருகை பொய் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். பாதி வகுப்பு மாட்டும். நானும் மாட்டுவேன்.

"கான்ட்ராக்ட் பேப்பர் என் மேசைலதான் இருக்கு" என்றார். மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஐந்து மணிக்கு முன்னால் ரத்து என்ற பொத்தானை அழுத்தினேன். நானேதான். உறுதியா என்று சிஸ்டம் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றேன்.

இறைச்சி சாப்பிடாமல் நோன்பு, பொய் மட்டும் சொல்லலாமா என்று கால்வினைக் கேலி பண்ண வருகிறது. நான் மட்டும்? இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவள்தானே.

வீட்டில் என் கணவர் குணாளனிடம் சொன்னேன். சிங்கப்பூரில் வேலை முடிந்து களைத்து வந்திருந்தார். "நீ என்னம்மா பண்ணுவ, மேல இருக்கிறவன் சொல்றான்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எரிச்சலாக வந்தது, எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

தேர்வுக்கு முந்திய படிப்பு வாரம். லோஷினிக்குச் சொல்லவேண்டும். நாளைக்குக் கூப்பிடுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

இன்றும் கூப்பிடவில்லை. பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பார்த்திருப்பாள்.

மார்ச் 10, செவ்வாய்

பார்க்கவில்லை.

மண்டபத்து வாசலில் பெயர் சரிபார்க்கும் வேலை எனக்கு. வரிசையில் வந்து நின்றாள். வெள்ளைச் சட்டை, புதுக் கால்குலேட்டர். "குட் மோர்னிங் மிஸ்."

பட்டியலில் பெயர் இல்லைம்மா என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். அன்று ஸ்கேன் பண்ணினதைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

"நான் வந்தேன்ல மிஸ்? உங்களுக்குத் தெரியும்ல?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். ஒருவன் எனக்குச் சிரித்துக்கொண்டே வணக்கம் வைத்தான்.

என்ன சொன்னேன் நான்? "சிஸ்டம்ல ஏதோ கோளாறும்மா." இதுதான் வாயில் வந்தது. படித்த வாய். தூ.

"அப்ப சரியாயிடுமா மிஸ்?"

"பார்ப்போம்மா."

தலையாட்டிவிட்டு வரிசையிலிருந்து விலகினாள். அழவில்லை. சண்டை போட்டிருக்கலாம் அந்தப் பிள்ளை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். கதவை மூடும்போது பார்த்தேன், படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவுக்கோ யாருக்கோ ஃபோன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 18, புதன்

மதிப்பெண் ஏற்றினேன். பருவ வேலைகளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் லோஷினிக்குத்தான். தேர்வு எழுதாததால் தேர்ச்சியில்லை என்று சிஸ்டமே போட்டுக்கொண்டது. என்னைக் கேட்கவில்லை. வணக்கம் வைத்தவன் தேறிவிட்டான்.

மார்ச் 27, வெள்ளி

ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு நீட்டித்தாகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். குணாளன் பெர்மாஸ் ஜெயாவில் சாப்பிட அழைத்துப் போனார். நண்டு வாங்கினார். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

புதுப் பருவம். வருகைப் பதிவு எப்படி எடுப்பது என்று புது விரிவுரையாளர்களுக்கு என்னைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார் கால்வின். சொல்லிக்கொடுத்தேன். நோட்டு எடுத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் லோஷினியிடமிருந்து செய்தி. சிங்கப்பூரில் சித்தி வேலை செய்யும் ஃபேக்டரியிலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். இன்று முதல் நாள். சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறாளாம்.

'மிஸ், எனக்காக அன்னிக்கு நீங்க தனியா கிளாஸ் போட்டதை மறக்கவே மாட்டேன். அப்பாகிட்டயும் சொல்லியிருக்கேன், மிஸ் மேல தப்பு இல்ல, சிஸ்டம்தான்னு. சரியாயிட்டா சொல்லுங்க மிஸ், வந்து எழுதிடுறேன்.'

எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். பிறகு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.