நான் நடிக்கவில்லை சார்

வடகவுஞ்சி
11.8.2025

மதிப்பிற்குரிய முருகவேல் சாருக்கு,

நதியா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் வீட்டில் அக்காவும் நலமா? போனில் என்றால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் "சரி சார், சரி சார்" என்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். வலது பாதத்தில், இரண்டாவது விரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பில் விரிசல். நான் தொட்டுக் காட்டினேனே, அதே இடம். வத்தலக்குண்டில் எடுத்த எக்ஸ்ரேயை ஏரிக்கரையில் எல்லோர் முன்பும் தூக்கிப் பிடித்து, "எலும்பு கல்லு மாதிரி கெடக்கு. இவ நடிக்கிறா" என்றீர்கள். கூட ஓடுகிற பிள்ளைகள் சிரித்தார்கள் சார். இந்த மாதிரி விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவே தெரியாதாம்.

விழுந்து முறிந்ததில்லை இது. ஓட ஓட எலும்பில் நுணுக்கமாய்ச் சேதம் விழும், ஓய்வு கொடுத்தால் அதுவே சரி பண்ணிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. நீங்கள் போட்டி வருகிறதென்று மலைச்சாலை ஓட்டத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்கினீர்கள். ஞாயிறு ஓய்வையும் எடுத்துவிட்டீர்கள். "மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?" என்றும் அவர் கேட்டார். பல மாதமாக இல்லை என்றதும் அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். எடை குறைந்தால் வேகம் வரும் என்று எங்கள் இராச்சோற்றை நிறுத்தியது யார் சார்? அரை வயிற்றில் ஓடியதில் எலும்பும் பலம் இழந்திருக்கிறது.

நான் நடிக்கவில்லை என்று அந்தப் பிள்ளைகள் முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் மாணவி,
நதியா

கொடைக்கானல்
18.8.2025

அன்புள்ள நதியாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் பார்த்து மனசு விட்டுப்போச்சு. சொந்த மகளாக நினைத்தவனை இப்படியா குறுக்கு விசாரணை செய்வது? டாக்டர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள். நான் வெறுங்காலில் ஓடி மெடல் வாங்கியவன். இறுக்கமாக டேப் சுற்றிக்கொண்டால் ஓடிவிடலாம். இந்தப் போட்டியில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் உனக்கு ஒரு வேலை கிடைக்கும் என்றுதானே இத்தனை பாடுபடுகிறேன்? போட்டிப் பட்டியலிலிருந்து உன் பெயரை இன்னும் எடுக்கவில்லை.

நீ ஆரம்பித்து வைத்தாய், இப்போது புவனாவும் காலைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். "முதல்ல ஓடு, அப்புறம் நோகட்டும்" என்று விரட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளனே பயிற்சிக்கு வந்து சேர். வீம்பு வேண்டாம்.

உன் நலம் விரும்பும்,
முருகவேல்

வடகவுஞ்சி
30.8.2025

முருகவேல் சாருக்கு,

புவனாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். அப்போதே அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரி ஓட்டுகிறவர். "எக்ஸ்ரேயோட விட்டுராதீங்க மாமா, ஸ்கேன் பாத்திருங்க" என்றேன். தக்காளி லோடை வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து மகளைக் கூட்டிப்போனார்.

அவளுக்கு இன்னும் விரிசல் விழவில்லை. எலும்புக்கு உள்ளே வீக்கம் மட்டும்தான். இப்போதே நிறுத்தியதால் வெரசா ஆறிவிடும் என்றார்கள். நிறுத்தியது நீங்கள் இல்லை. "வலிக்குதுன்னு சொன்ன பிள்ளையவா ஓடவிட்டாரு?" என்று மாமா என்னிடம் கேட்டார். உங்களை விட்டுக்கொடுக்காமல் ஏதாவது சொல்லலாமென்று பார்த்தேன். "ஆமாம்" என்றுதான் சொல்ல முடிந்தது. அவரும் என் அம்மாவுமாக மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் நடந்ததைச் சொல்லிவிட்டார்கள்.

போட்டிக்கு நான் வரவில்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள். எலும்பு கூடியதும் ஓடுவேன். திண்டுக்கல்லில் வேறொரு பயிற்சியாளரைப் போய்ப் பார்த்தோம். என் வேகம் என்ன, மெடல் என்ன என்று அவர் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்து என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க வலிக்குதுன்னு காட்டும்மா" என்றார். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

நதியா